மிசூரியில் மறைத்த துப்பாக்கி

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் என்றாலே வாஷிங்டனைத்தான் பார்க்கிறோம். மாநில அரசியல் சாசனங்களையும் பார்க்க வேண்டும். மிசூரியின் 1875 சாசனம் ஆயுத உரிமையைத் தந்தபோதே, ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதை அது நியாயப்படுத்தாது என்றும் சொன்னது. 1999இல் அதற்கு லைசென்ஸ் தரலாமா என்று கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். ஆனாலும் 2003இல், ஆளுநரின் வீட்டோவையும் மீறிச் சட்டமன்றம் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது.

2014 திருத்தம் அந்தப் பழைய வாசகத்தையே நீக்கியது. எந்தக் கட்டுப்பாட்டையும் நீதிமன்றம் மிகக் கடுமையாக ஆராய வேண்டும் என்றும் சேர்த்தது. அப்புறம் 2017 முதல் லைசென்ஸே கட்டாயமில்லை. திருத்தம் அப்படிச் சொல்லவில்லை, செய்தது சட்டமன்றம்தான். பயிற்சி வகுப்புகூட இல்லாமல் ஒருவர் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு கடைவீதியில் நடக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மிசூரி அந்த லைசென்ஸைத் திரும்பக் கட்டாயமாக்க வேண்டும்.