டீ உண்டு, பிஸ்கட் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், 'பொழுது போகாத ஓய்வூதியர்கள் டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் இடம்தான் நிர்வாகக் குழு' என்று ஒரு வரி கண்டேன். எங்கள் ஊர்க் குடும்ப ஆலோசனை மையத்துக்கு ஒன்பது வருடமாக நான் பொருளாளர். டீ உண்டு. பிஸ்கட் வாங்கி மூன்று வருடமாகிறது; வவுச்சர் ஃபைலைக் காட்டத் தயார்.

1975-ஆம் வருட சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு குழுவின் ஆயுள் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு ஒன்பது வருடம் எப்படி என்பீர்கள். மூன்று தேர்தலிலும் வேறு ஆள் நிற்கவில்லை. மகளிர் தினத்துக்கு மேடையில் நாற்காலி கேட்பவர்கள், கணக்கு நோட்டைக் காட்டினால் "உங்கள விட்டா யார் சார்" என்று நழுவிவிடுகிறார்கள்.

போன மார்கழியில் கூட்டம் முடிந்து பூட்டப் போகிறோம், படியில் ஒரு பெண். இடுப்பில் குழந்தை, கட்டைப்பையில் இரண்டு புடவையும் ரேஷன் கார்டும். வீட்டுக்குப் போய்விட்ட ஆலோசகர் அம்மா டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தில் சேவை வழங்குநராகப் பதிவான சங்கம் சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். எழுதி முடிக்க மணி ஒன்பதரை. கூட்ட மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு குழந்தை பெஞ்சில் தூங்கியது. அந்தப் பெண்ணை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டது தலைவரின் கார், அவரும் ஓய்வூதியர்தான். பொழுது போகவில்லை பாருங்கள்.

அந்த ஆலோசகருக்கு மானியம் வந்தால்தான் மதிப்பூதியம். வராத மாதங்களில் குழுவினர் ஆளுக்கு ஆயிரம் போட்டுக் கொடுக்கிறோம். தொகை ஐயாயிரத்தைத் தாண்டினால் ஒட்டும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்கூட என் சட்டைப்பைக் காசு.

தங்கள் நாளிதழும் எங்களுக்குப் புதிதல்ல. நான்கு வருடத்துக்கு முன் ஆண்டு விழாவுக்கு வந்த நிருபர், "பாதிக்கப்பட்ட பொண்ணு யாராவது போட்டோவுக்கு நிப்பாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். மறுநாள் சிறப்பு விருந்தினர் படம் மட்டும் வந்தது. பின்னாலிருந்த பேனரில் 'குடும்ப ஆலோ' வரைதான் தெரிந்தது, மீதியை அவர் தலை மறைத்துவிட்டது. அப்புறம் போன வருடப் பொதுக்குழு அறிவிப்பில் எங்களைக் 'குடும்பநல மையம்' ஆக்கினீர்கள். ஆபரேஷன் செய்துகொண்டால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். திருத்தம் போடச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் இரண்டு இடம் காலி. இத்துடன் உள்ள பொதுக்குழு அறிவிப்பை 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில், 'ஆலோசனை' என்ற சொல்லை விடாமல், வெளியிட வேண்டுகிறேன். கட்டுரை எழுதியவரும் தாராளமாக உறுப்பினராகலாம். சந்தா வருடத்துக்கு நூறு ரூபாய், ரசீது உண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
மன்னார்குடி