பூச்சாடிக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரம்பரிய இலத்தீன் பூசைக்குப் பீடத்தை ஆயத்தம் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூ அடுக்குவதற்கு அதில் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். பீடத்தின்மேல் விரிக்கும் துணிகளான துகில்களுக்கு ஒரே வரிதான். எந்தப் பூசையானாலும் ஆறு திரி, அதாவது மெழுகுவர்த்தி, ஏற்றலாம் என்றும் எழுதியிருக்கிறது. கோவில் பணியாளர்களான கோவில்பிள்ளைகளும் பீடச்சிறுவர்களும் அச்சில் வந்ததை நம்பி அப்படியே செய்வார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பலிபீடம் பலிக்காக இருக்கிறது. பூசைக்கோ பீடத்தின் அலங்காரத்துக்கோ சேராத எதையும் அதன்மேல் வைக்கக்கூடாது என்று 1962-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்தின் விதிகள் சொல்கின்றன. மூக்குக்கண்ணாடிக் கூடு, அறிவிப்புத் தாள், தீப்பெட்டி, காணிக்கைத் தட்டு எதற்கும் அங்கே இடமில்லை. தண்ணீர், இரசக் குப்பிகளும் கைதுடைக்கும் துணியும் நிருபப் பக்கத்துச் சிறு மேசையில் இருக்க வேண்டும். பீடத்தைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் திருமுகம் வாசிக்கும் நிருபப் பக்கம், இடப்பக்கம் நற்செய்தி வாசிக்கும் சுவிசேஷப் பக்கம். கட்டுரையில் இது தலைகீழாக அச்சாகியிருக்கிறது.

துகில்கள் மூன்று. மேல்துகில் இரு பக்கமும் தரையைத் தொடும் நீளம் வேண்டும். அடியில் இருக்கும் இரண்டும் மேற்பலகை அளவுக்கு இருந்தால் போதும், ஒரே துணியை இரண்டாக மடித்தும் போடலாம். மூன்றும் மந்திரித்தவையாக, அதாவது ஆசீர்வதித்தவையாக இருக்க வேண்டும். துணி லினனாக இருக்க வேண்டும் என்பது மரபு. ஆயர் அபிஷேகம் செய்த கற்பீடமானால் இவற்றுக்கும் அடியில் மெழுகு பூசிய துணி ஒன்று உண்டு. கல்லின் ஈரம் மேலே ஏறாமல் அது தடுக்கும். மூன்றில் ஒன்றாக அதை எண்ணக்கூடாது.

மூன்று துகில் எதற்கு என்று கேட்பவர்கள், பூசையில் நேரும் குறைகளைப் பற்றிப் பூசைப் புத்தகத்தின் முன்பகுதியில் இருப்பதைப் படித்துப் பார்க்கலாம். திரு இரத்தம், அதாவது பூசையில் கிறிஸ்துவின் இரத்தமான இரசம், சிந்தி மூன்றாம் துகில்வரை இறங்கிவிட்டால், துளி பட்ட இடத்தை, கிண்ணத்தை அடியில் பிடித்துக்கொண்டு மூன்று முறை கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரை, நேரே மண்ணுக்குள் இறங்கும் புனித நீர்க்குழியில் ஊற்ற வேண்டும். அதாவது, சிந்தியது தரைக்கு ஓடிவிடாமல் உறிஞ்சிக்கொள்வதற்காகத்தான் துகில்கள் இருக்கின்றன. மெழுகுக் கறைக்குப் பயந்து துகில்மேல் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ விரித்தால் அந்தக் காரணமே அடிபட்டுப் போகிறது: கண்ணாடியில் விழுந்த துளி வழுக்கி விளிம்புக்குப் போகும். கட்டுரை அதைச் சிக்கனமான யோசனை என்று பாராட்டியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. பூசையில்லாத நேரத்தில் தூசிக்காக ஒரு மேல்விரிப்பு போடலாம், பூசைக்குமுன் எடுத்துவிட வேண்டும்.

கறைக்கு மருந்து வேறு. திரியின் தலையில் பித்தளை வளையம் மாட்டுங்கள். எரிந்த நூலை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் பாருங்கள். நூல் நீண்டாலும் காற்று அடித்தாலும் சுடர் ஒருபக்கம் சாய்ந்து, கிண்ணம்போல் தேங்கிய மெழுகின் கரையை உடைத்துவிடும். அப்படியும் வழிந்தால், மெழுகு நன்றாக இறுகியபின் மழுங்கிய கத்தியால் சுரண்டி, மிச்சத்தை இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் வந்துவிடும்.

இனி திரிகளின் கணக்கு. குரு நிறைவேற்றும் பாட்டில்லாத சாதாரணப் பூசைக்கு இரண்டு. பாடற்பூசைக்கு நான்கோ ஆறோ. குருவோடு தியாக்கோன், உபதியாக்கோன் என்னும் உதவிப் பணியாளர் இருவரும் பணிபுரியும் ஆடம்பரப் பூசைக்கு ஆறு. மறைமாவட்ட ஆயர் தம் மறைமாவட்டத்தில் ஆடம்பரமாகப் பூசை நிறைவேற்றும்போது ஏழு. ஏழாவது, சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமான பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் நிற்கும். திரிகளைத் தாங்கும் பெரிய தண்டுகள் ஆறும் பீடத்தில் நிலையாக இருந்தால், பாட்டில்லாத பூசைக்கு அவற்றைத் தொடாமல் இரண்டு சிறிய தண்டுகளைத் தனியே வைத்து ஏற்றுங்கள். திரிகளின் எண்ணிக்கையைப் பார்த்தே இன்றைய பூசை எத்தகையது என்று மக்கள் அறிய முடியும். எப்போதும் ஆறும் எரிந்தால் பெருவிழாவுக்குக் கூட்டிக்காட்ட ஒன்றும் மிஞ்சாது. பூசைக்கான இரண்டு திரிகளும் உயிர்ப்பு விழாவின் பாஸ்கா திரியும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்பது 1904-ஆம் ஆண்டு உரோமை விதித்தது. மின்திரிகள் அந்த இடத்துக்கு ஆகவே ஆகாது.

ஏற்றும்போது நிருபப் பக்கம் முதலில், சுரூபத்துக்கு அருகில் இருப்பதிலிருந்து வெளிநோக்கி. பிறகு சுவிசேஷப் பக்கமும் அப்படியே. அணைக்கும்போது சுவிசேஷப் பக்கத்துக் கடைசித் திரியிலிருந்து உள்நோக்கி வந்து, நிருபப் பக்கத்தையும் அவ்வாறே முடிக்க வேண்டும்.

சுரூபம் நடுவில், போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். சுரூபத்தின் பாதம் பக்கத்துத் தண்டுகளின் உயரத்துக்கு வந்து, சிலுவை முழுவதும் அதற்கு மேலே தெரிந்தால் அமைப்பு சரி. பூச்சாடி அதை மறைத்தால் எடுக்க வேண்டியது பூச்சாடியைத்தான்.

அப்பத்தையும் கிண்ணத்தையும் வைப்பதற்குப் பீடத்தில் விரிக்கும் திருமேனித்துகிலை முந்திய இரவே விரித்து வைக்கும் வழக்கத்தையும் கட்டுரை ஆதரிக்கிறது. வேண்டாம். அது தன் உறைக்குள் இருந்து பூசை நேரத்தில் வெளியே வர வேண்டியது. மூன்று மூன்றாக மடித்தால் ஒன்பது சதுரம் கிடைக்கும். மடிப்பு உள்நோக்கி இருந்தால்தான் அப்பத்தின் துகள் ஏதும் இருந்தால் உள்ளேயே நிற்கும். ஆகவே அதை உதறக்கூடாது. திருமேனித்துகிலுக்குக் கஞ்சி போடலாம், துகள் நூலிழையில் சிக்காது. கிண்ணம் துடைக்கும் துகிலுக்குப் போட்டால் ஈரம் உறிஞ்சாது.

பூக்களைப் பற்றிச் சுருக்கமாக: திரு அப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழையின் கதவுக்கு முன்னும் வேண்டாம், பேழையின் மேலும் வேண்டாம். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் பீடத்தில் பூ இல்லை. இக்காலங்களில் குரு ரோஜா நிற உடை அணியும் இரண்டு ஞாயிறுகள் விலக்கு. மரித்தோர் பூசைக்கும் பூ வைப்பதில்லை.

திரிகளின் எண்ணிக்கை, கண்ணாடி விரிப்பு, பக்கங்களின் பெயர் ஆகிய மூன்றையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்