சொல்லாமல் வந்த தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் அழுதபோது என்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேரனுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையின் பலூன் வெடித்ததையும், அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் கதறியதையும், சுற்றி நின்றவர்களின் பார்வையைத் தாங்கமாட்டாமல் நீ அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டதையும் சொன்னாய். "நான் நல்ல அம்மா இல்லையாப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், உனக்கு ஐந்து வயதில் நான் செய்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

1996 கோடை விடுமுறையில் நாம் குடும்பத்தோடு இராமேசுவரம் போனோம். அதிகாலையில் உன்னை எழுப்பி, இட்லி வேண்டாம் என்றவளை வெறும் பாலோடு ரயிலில் ஏற்றினோம். அப்போது மீட்டர் கேஜ் வண்டி. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் அது நடப்பது போல ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடலைப் பார்த்த நீ, சன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சுக்கூட விடாமல் நின்றாய். குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று நினைத்தேன், மகிழ்ச்சிதான். ஆனால் உன்னைப் போன்ற பிள்ளைக்கு மகிழ்ச்சியும் ஒரு சுமை, அதுவும் சேர்ந்துகொண்டே போகும் என்பது எனக்கு அன்று தெரியாது.

அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுகிவிட்டு, ஈர உடையோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் வரிசையில் நின்றோம். ஒவ்வொரு கிணற்றிலும் மேலே நிற்பவர் கயிறு கட்டிய வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நாலாவது கிணற்றில் என்று நினைவு, நீ அண்ணாந்து பார்ப்பதற்குள் வாளித் தண்ணீர் முகத்தில் அறைந்தது. நீ போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. உன் அத்தை, "பிடிவாதம், ரெண்டு போட்டாச் சரியாயிரும்" என்றாள். நான் உன்னைத் தூக்கி அடுத்த கிணற்றடியில் வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். நீ வாந்தி எடுத்தாய். நான் அடித்தேன். முப்பது ஆண்டாகியும் அந்தக் கன்னத்தின் ஈரம் என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை, அம்மா. அன்று எனக்கு வந்த கோபம் உன்மேல் வந்த கோபமே அல்ல. பிள்ளையை அடக்கத் தெரியாதவன் என்று ஊரார் நினைப்பார்களே என்ற கூச்சத்தைத்தான் உன்மேல் இறக்கிவைத்தேன்.

உன் அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் உன்னை வாங்கிக்கொண்டு போனார். எஞ்சிய தீர்த்தங்களை அவர் ஆடவில்லை. அந்த வயதில் மறுபடி ஒரு முறை வர வாய்ப்பில்லை என்று தெரிந்தும் விட்டார். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது, நீண்ட பிரகாரத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு தூணடியில் உன்னை மடியில் போட்டு, உலர்ந்த துண்டால் போர்த்தி, உன் முதுகில் உள்ளங்கையைப் பரப்பி வைத்திருந்தார். தட்டவில்லை, ஆட்டவில்லை, "அழாதே" என்றுகூடச் சொல்லவில்லை. கை மட்டும் அப்படியே இருந்தது. நெடுநேரம் கழித்து விம்மல் அடங்கி நீயாகவே சொன்னாய்: "அந்தத் தண்ணி சொல்லாம வந்துச்சு அப்பத்தா." அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கேட்டியாடா? பிள்ளைகிட்டச் சொல்லிட்டுச் செய்யணும்" என்றார்.

பிறகு பி.எட். படித்தபோதுதான், அப்பத்தா கையால் அறிந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் ஏட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஜெரோம் கேகன் என்ற அமெரிக்க உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொருள்களையும் ஒலிகளையும் காட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. அவற்றுள் பல, வளர்ந்த பின்னும் புதியதைக் கண்டு தயங்கின. எல்லாக் குழந்தைகளும் அப்படியே இருந்துவிடவும் இல்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956இல் நியூயார்க்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, பிள்ளையின் இயல்பைக் காட்டிலும், அந்த இயல்புக்கும் வளர்க்கிறவர்கள் எதிர்பார்ப்பதற்கும் உள்ள பொருத்தமே முக்கியம் என்றார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், பெற்ற பிள்ளையோடு நமக்குள்ள பொருத்தத்தை ஒரு நாளும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

ஆகவே பேரனிடம் பிடிவாதத்தைத் தேடாதே. பலூன் ஒரு நொடியில் வெடித்தது. ஆனால் காலையிலிருந்து வெயில், பசி, கூட்டம், காணாததைக் கண்ட களிப்பு எல்லாம் அவனுக்குள் நிரம்பியிருந்தன. அந்தப் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். ஒரே நாளில் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய், ஏதாவது ஒரு விலங்கை மட்டும் அவனுக்குப் போதுமென்று தோன்றும்வரை பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பியிருந்தால் அதுவே முழு உலா. முந்தின இரவே எங்கே போகிறோம், என்ன சத்தம் கேட்கும், எப்போது கிளம்புவோம் என்று கதை போலச் சொல்லிவை. போய் இறங்கியதும், தாங்க முடியாமல் போனால் வந்து உட்கார ஒரு மர நிழலை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்.

கதறல் தொடங்கிய பின் அறிவுரை சொல்லாதே. அந்த நேரத்தில் அவன் காதில் எதுவும் ஏறாது. பக்கத்தில் குனிந்து உட்கார். தொடவிட்டால் தொடு, உதறினால் கையெட்டும் தூரத்தில் இரு. உன்னை அடிக்க வந்தால் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன், ஆனால் இங்கேதான் இருப்பேன்" என்று சொல். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்பதும், "இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்பதும், போலீஸ்காரரையும் பூச்சாண்டியையும் கூப்பிடுவதும் நம் வீட்டில் வேண்டாம். மாப்பிள்ளை வாயை அடைக்கக் கைபேசியைக் கொடுக்கிறார் என்றாய். அவரைக் குறை சொல்லாதே, அவருக்கும் அன்று எனக்கிருந்த அதே கூச்சம்தான். ஒருவர் பிள்ளையோடு உட்காரட்டும், மற்றவர் சுற்றி நிற்பவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேள். நான்கு வயதுக்குப் புரியும். நான் உன்னிடம் கேட்கவில்லை. இப்போது இந்தக் கடிதத்தில் கேட்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளையை எங்கேயும் அழைத்துப் போகாமல் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று நீ சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கு வரட்டுமா என்று கேட்டாயே, வாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் வைகைக் கரைக்கு அவன் வர வேண்டாம். லட்சக்கணக்கான பேர் நெரியும் இடம், போதாததற்குத் துருத்தி என்கிற தோல்பையால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருவார்கள், அது யார்மேலும் சொல்லாமல் விழும். அதற்குப் பிறகு கூட்டம் குறைந்த ஒரு மண்டகப்படியில், என் தோளில் உட்கார்ந்து அழகரைப் பார்க்கட்டும். ஆட்டுத்தோலில் செய்த சின்னத் துருத்தி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்த அன்று மாலையே மொட்டைமாடியில் அதை அவன் கையில் கொடுத்து, முதலில் என்மேல் பீய்ச்சச் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா