மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் பாடத்தை முடித்துப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையத்தையும் மென்பொருளையும் அமைப்பது பற்றிய அணுகல்தன்மைப் பயிற்சிகளைத் தயாரித்துப் பல நாட்டு அலுவலகங்களுக்கும் அனுப்பும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள், வைத்து வேலை பார்ப்பவன். நீங்கள் தயாரிக்கும் பாடங்களை முடித்தே ஆக வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். முடிக்கத்தான் முடிவதில்லை.

சமீபத்தில் வந்த ஒன்றில் கடைசிக் கேள்வி 'பொருத்துக'. உதவிக் கருவிகளை மவுஸால் இழுத்து, அவற்றைப் பயன்படுத்துவோர் பக்கத்தில் போட வேண்டுமாம். என் காதில் விழுந்ததோ "படம், படம், படம்" மட்டும். டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் அந்தப் பெட்டிகளுக்குள் நுழையவே முடியவில்லை. இழுக்க வேண்டியவற்றில் ஒன்று 'ஸ்கிரீன் ரீடர்' என்று பக்கத்து இருக்கை நண்பர் படித்துச் சொன்னார். இருவரும் சிரித்தோம். சான்றிதழ் வரவில்லை.

எல்லாம் விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்பது இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.0 பதிப்பிலேயே, அதாவது 2008-லேயே, உண்டு. இழுக்காமல் செய்யவும் வழி வேண்டும் என்று 2023-இல் வந்த 2.2 பதிப்பு தனியாகச் சொல்கிறது. இரண்டையும் உங்கள் பாடமே தொடக்கத்தில் விளக்கியிருந்தது!

அப்புறம், மொழிபெயர்ப்பு. எழுத்தை மட்டும் மாற்றினால் போதாது. நிரலில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே இருந்தால், ஸ்பானிய வாக்கியத்தை ஸ்கிரீன் ரீடர் ஆங்கில உச்சரிப்பில் கடித்துத் துப்பும். தமிழோ அரபியோ என்றால் சில குரல்கள் வாயே திறக்காது. திருத்த வேண்டியது ஒரே ஒரு குறியீடு.

சட்டத்துக்கு ஒரு ஸ்லைடு போதும். அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையே அரை மணி நேரம் பேசினால், மற்ற நாட்டுக்காரர்கள் 'நமக்கில்லை' என்று மின்னஞ்சல் பார்க்கப் போய்விடுவார்கள். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையைச் சொல்லுங்கள், 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததைச் சொல்லுங்கள், நகருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லும் பயிற்சியும் வேண்டாம். அதில் பரிதாபம்தான் வரும், வேலை வராது.

மிச்ச நேரத்தை அவரவர் வேலைக்குக் கொடுங்கள். வடிவமைப்பாளருக்கு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு. எழுதுபவருக்கு, 'இங்கே சொடுக்கவும்' என்று இணைப்பு வைக்காத பழக்கம். நீங்கள் எப்போதும் மறப்பது மென்பொருள் வாங்கும் பிரிவை. அவர்கள் தவறான ஒன்றை வாங்கிவிட்டால், ஒப்பந்தம் முடியும்வரை அத்தனை பேரும் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். விற்க வருபவரிடம், "மவுஸைத் தொடாமல் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் காட்டுங்கள்" என்று கேட்க அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். பத்து நிமிடத்தில் விஷயம் வெளுத்துவிடும்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன், எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள். வருகிறோம். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள், சரியா?

இப்படிக்கு,
இன்னும் சான்றிதழ் வாங்காத ஒருவன்