கணுக்கால் அளவுத் தண்ணீர்: நீர்நிலக் கவச வாகனங்களை நீரில் இறக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

நீர்நிலக் கவச வாகனங்களை நீரில் இறக்க உத்தரவிடும் தளபதிகளுக்கும், அவற்றுக்கான பயிற்சி விதிகளை வகுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

தரையிலும் தண்ணீரிலும் செல்லும் சங்கிலிச் சக்கரக் கவச வாகனத்தை ஓட்டுவதில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. குழுவில் நாங்கள் மூவர்: கமாண்டர், பீரங்கியை இயக்கும் கன்னர், ஓட்டுநராகிய நான். எங்களுக்குப் பின்னால், இரும்புக் கதவுகளுக்கு உட்புறம், ஏழு காலாட்படை வீரர்கள் அமர்ந்திருப்பார்கள். இந்த மடல் அந்த ஏழு பேரைப் பற்றியது. எங்கள் மூவருக்கும் வாகனத்தின் ஒவ்வொரு திருகையும் வாரக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கோ ஏறும் முறையும் இறங்கும் முறையும் மட்டுமே சொல்லப்பட்டன, அதுவும் வறண்ட தரையில். வாகனம் மூழ்கத் தொடங்கினால் எந்த மூடி யாருக்கு, முதலில் எழ வேண்டியவர் யார், கழற்ற வேண்டியது எது என்பதை அவர்களுக்கு எவரும் செய்துகாட்டி நான் பார்த்ததில்லை. எடைக் கணக்கில் அவர்களைச் சேர்த்தோம், தப்பிக்கும் கணக்கில் சேர்க்கவில்லை. சீருடையில் இருந்த காலமெல்லாம் இது எனக்கு உறைக்கவே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இவ்வாகனம் நீரில் இறங்குவது கம்பீரமான காட்சி. உள்ளிருப்பவர்களுக்கு அது வேறு. இறங்குவதற்கு முன் அடித்தட்டில் நீரை வடிக்கும் துளைகளை அடைக்கும் டிரெயின் பிளக்குகள் இறுகியிருக்கின்றனவா, கதவுகளின் ரப்பர் சீல்களில் மணல் ஒட்டியிருக்கிறதா, உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, முன்பக்க அலைத்தடுப்புத் தகட்டை உயர்த்துவோம். தகடு எழுந்ததும் ஓட்டுநரின் பார்வையில் பெரும்பகுதி மறைந்துவிடும். அதன்பின் மேலே நிற்கும் கமாண்டரின் குரல்தான் எனக்குக் கண். கரைச் சரிவில் மூக்கு தாழும்போது முழு வாகனமும் அப்படியே கீழே போய்விடும் போலிருக்கும். பிறகுதான் தண்ணீர் அதைத் தூக்கும். சங்கிலி தரையை விட்டு விலகும் அந்த நொடியில், அதுவரை எலும்பை உலுக்கிக்கொண்டிருந்த அதிர்வு சட்டென்று அடங்கிவிடும். எத்தனை முறை இறங்கியிருந்தாலும் அந்த அமைதி என் வயிற்றைப் பிசையத்தான் செய்தது. திருப்பினால் வாகனம் உடனே திரும்பாது, கொஞ்சம் யோசித்துவிட்டே திரும்பும். வேகமோ, விரைந்து நடப்பவனின் வேகம்.

பின்னறையில் இதுவும் தெரியாது. பெரிஸ்கோப்பில் பச்சைத் தண்ணீர் ஏறி இறங்குவது மட்டும் தெரியும். டீசல் புகையும் வியர்வையும் கலந்த காற்றில் ஒருவர் வாந்தியெடுத்தால் அடுத்தவர் தாங்கமாட்டார். குழுவினரின் காதுகளில் ஹெட்செட் இருக்கும். பின்னால் பெரும்பாலோர்க்கு அது இல்லை. ஆகவே கமாண்டர் எனக்குச் சொல்வது எதுவும் அவர்களை எட்டாது. எஞ்சின் சத்தம் மாறுவதைக் கொண்டும், பூட்ஸில் ஏறும் ஈரத்தைக் கொண்டுமே அவர்கள் நிலைமையை ஊகிக்க வேண்டும்.

1971 போரில் கிழக்கு முனையில் இந்தியத் தரைப்படையின் 45ஆம் கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவு பயன்படுத்திய, நீரில் மிதக்கும் பிடி-76 டாங்கிக்கு வீரர்கள் வைத்த செல்லப்பெயர் 'பிப்பா', அதாவது நெய் அடைக்கும் டின். காலி டின் மிதப்பதைப் போல மிதக்கிறது என்பதால் வந்த பெயர். பாடப்புத்தகத்தில் பல பக்கம் எழுதியதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது என்று நான் நினைப்பதுண்டு. 14 டன் எடையுள்ள வாகனம் மிதக்க வேண்டுமானால் 14 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும். அப்படி விலக்கிய பின் நீர்மட்டத்துக்கு மேல் எஞ்சும் உயரம் மிகக் கொஞ்சம். உள்ளே புகும் ஒவ்வொரு கன மீட்டர் நீரும் ஒரு டன் கூடுதல் சுமை. அந்தச் சுமை ஓரிடத்தில் நிற்கவும் செய்யாது. வாகனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். அதனால்தான் முதலில் வரும் தண்ணீர் மெதுவாக வருவதாகவும், கடைசியில் வருவது ஒரே மூச்சில் வருவதாகவும் தோன்றுகிறது.

நீர்த்தேக்கம் ஒன்றில் நடந்த பயிற்சியின்போது, பாதி தூரம் போயிருந்த வேளையில், பின்னறையிலிருந்து ஓர் இளம் வீரர் முன்னே தவழ்ந்து வந்து என் தோளைத் தட்டி, "அண்ணா, இவ்வளவு தண்ணி வரலாமா?" என்று கத்தினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் வரத்தான் செய்யும், போய் உட்கார்" என்றேன். பம்ப் ஓடுகிறது, கரை தெரிகிறது, எத்தனையோ முறை இப்படி ஈரமாகப் போயிருக்கிறோம் என்பதே என் கணக்கு. கரையேறிக் கதவைத் திறந்தபோது பின்னறையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. ஒரு கதவின் சீலில் சிறு கல் ஒன்று சிக்கியிருந்தது. கல்லை எடுத்து எறிந்தோம், சிரித்தோம், அறிக்கை எதுவும் எழுதவில்லை. அந்த இளைஞர் சிரிக்கவில்லை என்பது மட்டும் என் நினைவில் தங்கியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், 2020 ஜூலை 30 அன்று கலிபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவுக்கு அருகே நடந்ததைப் படித்தபோது அந்தச் சிறு கல்தான் என் கண்முன் வந்தது. அமெரிக்க மரைன் படையின் நீர்நில வாகனம் ஒன்று 16 பேருடன் கப்பலுக்குத் திரும்பும் வழியில் மூழ்கியது. 8 மரைன் வீரர்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தனர். வாகனம் ஏறக்குறைய 385 அடி ஆழத்தில் கிடந்தது. விசாரணையில் வெளிவந்தவற்றில் எதுவும் எங்களைப் போன்றோருக்குப் புதிதல்ல: பராமரிப்பில் பின்தங்கிய வாகனம், நீருக்கடியிலிருந்து தப்பும் பயிற்சியை முடிக்காமல் ஏறிய வீரர்கள், அருகில் இல்லாத பாதுகாப்புப் படகு. இவற்றினும் என்னை உறையவைத்தது இன்னொன்று. தண்ணீர் கணுக்காலை எட்டியதும் வீரர்களை வெளியேற்ற வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. தண்ணீர் அந்த அளவைத் தாண்டி வெகுநேரம் ஆன பின்னும் வெளியேறும் உத்தரவு வரவில்லை. முடிவில் மேல்மூடியைத் திறந்தபோது வாகனம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. உதவிக்கு வந்த வாகனம் மோதியதில் அது பக்கவாட்டில் திரும்ப, திறந்திருந்த மூடியின் வழியே அலை உள்ளே புகுந்தது. காப்பாற்ற வேண்டிய மூடியே அந்த நேரத்தில் தண்ணீருக்கு வழிவிட்டது. 2021 டிசம்பரில் அந்த வகை வாகனங்களை வழக்கமான நீர்ப்பணியிலிருந்து அந்தப் படை விலக்கிக்கொண்டது.

விதி இருந்தும் அந்தக் கமாண்டர் ஏன் தாமதித்தார் என்று கேட்பது எளிது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் அதே தாமதத்தை நானும் செய்திருக்கிறேன். நடுத்தண்ணீரில் ஆட்களை மேலே ஏற்றுவது தோல்வியை ஊருக்கு அறிவிப்பதுபோல் இருக்கும். இன்னும் ஐந்து நிமிடத்தில் கரை வந்துவிடும், எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று மனம் ஒவ்வொரு சாக்காக எடுத்துக்கொடுக்கும். சுற்றிலும் மீட்புப் படகு இல்லாதபோது, உள்ளே இருப்பதே பாதுகாப்பு என்றும் தோன்றும். அந்த முடிவை அந்த நேரத்தில் ஒருவரின் துணிச்சலுக்கு விட்டுவைத்ததுதான் பிழை. அந்தப் பிழை கரையிலேயே, உங்கள் மேசையில் நடந்துவிடுகிறது.

1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கியபோது, ஒமாகா கடற்கரையில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பாருங்கள். நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் வடிவமைத்த கித்தான் திரையைச் சுற்றிக் கட்டி மிதக்கவைக்கப்பட்ட ஷெர்மன் டாங்கிகள் அவை. கொந்தளிக்கும் கடலில் அந்தத் திரை தாங்காது என்பது அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரல் 4 அன்று இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் நடந்த ஒத்திகையில் இதே முறையில் மிதக்கவிட்ட வாலன்டைன் டாங்கிகள் மூழ்கி 6 வீரர்கள் இறந்தபோதே தெரிந்திருந்தது. அப்படியும் 741ஆம் டாங்கிப் பட்டாலியன் கரைக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் முன்பே 29 டாங்கிகளை நீரில் இறக்கியது, 27 மூழ்கின. அதே கடற்கரைக்கு வந்த 743ஆம் பட்டாலியனின் டாங்கிகளையோ, அலையின் உயரத்தைப் பார்த்த பொறுப்பாளர்கள், நீரில் விடாமல் கலங்களிலேயே கரைவரை கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரே நாள், ஒரே கடல், ஒரே வகை டாங்கி. 743இல், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பொறுப்பாளர்களிடம் இருந்து, அவர்கள் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்த டாங்கிக் குழுவினருக்கு நீருக்கடியிலிருந்து தப்புவதற்கான சுவாசக் கருவி 1944லேயே வழங்கப்பட்டிருந்தது.

போர்க்களத்தில் இறங்கப்போகிறவர்களுக்கு இவ்வளவு கொஞ்சல் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இந்த வாகனங்களே வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். 1943 நவம்பரில், பசிபிக் பெருங்கடலின் தராவா தீவில் அமெரிக்கர்களின் தரையிறங்கு படகுகள் பவளப்பாறைமீது சிக்கி நிற்க, வீரர்கள் குண்டுமழையில் நெடுந்தூரம் தண்ணீரில் நடந்து சாக நேர்ந்தபோது, பாறையின்மேல் ஏறித் தாண்டியவை சங்கிலிச் சக்கர நீர்நில வாகனங்களே. அவற்றின் மூதாதையான 'அலிகேட்டர்' வாகனத்தை டொனால்ட் ரோப்ளிங் 1930களில் உருவாக்கியதும், புயல் தாக்கிய புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் சிக்கியவர்களை மீட்பதற்காகத்தான். ஆனால் நான் மேலே சொன்ன சான் கிளெமென்டே சாவுகளும் ஸ்டட்லண்ட் சாவுகளும் எதிரி சுடாத நாட்களில் நடந்தவை. பயிற்சியில் இறந்தவனை வைத்து எந்தப் போரையும் வெல்ல முடியாது.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன். நீருக்கடியிலிருந்து தப்பும் பயிற்சியை, ஆட்களோடு நீரில் தலைகீழாகக் கவிழ்க்கப்படும் பயிற்சிக் கூண்டிலே, இருட்டிலே, முழுக் கவச உடையோடு முடிக்காத எவரையும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், நீரில் இறங்கும் வாகனத்தின் பின்னறையில் ஏற்றாதீர்கள். இதை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்க முடியாது. 60 சென்டிமீட்டர் சதுர மூடி ஒன்று ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால், உள்ளே காற்றும் வெளியே நீருமாக இருக்கும் நிலையில், அதன்மேல் அழுத்தும் நீரின் எடை ஏறக்குறைய 360 கிலோ. கையால் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான், மூடியை முன்பே திறந்துவிட வேண்டும் என்பது உடம்பில் பதியும். தலைகீழாகப் புரண்டவனுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஒரு கையால் இருக்கைக் கம்பியைப் பற்றியபடி, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, மறு கையால் வாயிலைத் தேட வேண்டும் என்பதைக் கூண்டுதான் கற்றுத்தரும். உள்ளே இருக்கும்போதே உயிர்காப்பு அங்கியில் காற்றை நிரப்பினால், அது அணிந்திருப்பவரையே கூரையோடு ஒட்டவைத்துவிடும் என்பதையும் ஒருவர் ஒருமுறை அனுபவித்தால் மறக்கமாட்டார்.

அடுத்து, கணுக்கால் விதியை ஆலோசனையாக வைக்காதீர்கள். அந்த அளவில் உட்புறச் சுவரில் ஒரு கோடு வரையுங்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும், கடைசி நிலை வீரனாயினும், அதைப் பார்த்தவன் ஒரே ஒரு குறிச்சொல்லைச் சொன்னால் போதும் என்றும், அதன்பின் யாரிடமும் அனுமதி கேளாமல் மூடிகளைத் திறந்து வரிசைப்படி மேலேற வேண்டும் என்றும் எழுதிவையுங்கள். அப்படிச் சொன்னவன் தவறாகவே சொல்லியிருந்தாலும் அவனைக் கேள்வி கேட்கக்கூடாது. பின்னறையிலும் ஒருவருக்காவது ஹெட்செட் கொடுங்கள். இருட்டில் வாயிலைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் பாருங்கள். பாதுகாப்புப் படகு இல்லாத நாளில் இறங்காதீர்கள். பயிற்சி அட்டவணை ஒரு நாள் தள்ளிப்போவதால் எதுவும் மூழ்கிவிடாது.

சீல்களைப் பற்றிச் சொல்வது அலுப்பூட்டக்கூடும், ஆனால் விட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின் 'டக்' நீர்நில லாரிகள் சில பின்னாளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றின. 1999 மே மாதம் அமெரிக்காவின் அர்கான்சாவில் அப்படி ஒன்று, முறையாகப் பழுதுபார்க்காததால் நீர் புகுந்து மூழ்கி 13 பேர் இறந்தனர். கூரைத் துணியை அகற்றுங்கள், நீர் நிரம்பினாலும் மிதக்கும்படி செய்யுங்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. 2018 ஜூலையில் மிசோரியின் பிரான்சனில், இன்னமும் கூரையோடு ஓடிய இன்னொன்று மூழ்கியபோது 17 பேர் இறந்தனர். பரிந்துரை கோப்பில் பத்திரமாகவே இருந்தது. ஆகவே உங்களுக்கு என் யோசனை ஒன்று, கொஞ்சம் குறும்பாகத் தோன்றினாலும் மனமாரச் சொல்கிறேன்: நீர்புகாமையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அலுவலர், அன்றைய இறக்கத்தில் அதே வாகனத்தின் பின்னறையில் அமர்ந்து செல்லட்டும்.

"இவ்வளவு தண்ணி வரலாமா?" என்று அந்த இளைஞர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை, இருப்பதுபோல் நடித்தேன். எதுவரை வரலாம், அதற்கு மேல் வந்தால் யார் என்ன செய்வது என்பதை, வாகனத்தில் ஏறும் ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்பே அறிந்திருக்கும்படி உங்கள் அடுத்த விதிப்புத்தகத்தில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் நீர்நிலக் கவச வாகன ஓட்டுநர் ஒருவர்