வாளைப் பரணில் போடச் சொல்லாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "பத்தாவது முடிஞ்சாச்சுக்கா. அந்த வாளைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு இனிமே படிப்பைப் பார்க்கட்டும்" என்றாய். வாள்வீச்சு ஆடுகிற உன் மகள், நம் பாப்பா, சமையலறையில் எனக்காகத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். சொம்பை மேடையில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் வெளியே வரவேயில்லை. நானும் தண்ணீர் குடிக்காமலேயே ராணிப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்துவிட்டேன்.

அப்போதே பேசியிருக்க வேண்டும். பேசாமல் வந்தது மூன்று நாளாக மனசை அறுக்கிறது. எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரும் போடவில்லை, பாப்பா பெயரும் போடவில்லை. பத்தாவது ரிசல்ட் வந்ததும் பெண் பிள்ளையின் விளையாட்டை நிறுத்துகிற வீடு வேலூர்ப் பக்கத்தில் உன் வீடு ஒன்றுதானா? கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் உட்காரும் பெண் பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டுவதில் முதலாவதாக வந்தவள். எட்டு வருஷமாக என்னோடு ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாள்வீச்சில் ஒலிம்பிக் வரை போன பவானி தேவி பெயரை எடுத்தாலே "அவங்க எங்கே, நாம எங்கே" என்கிறாய். அவர் எங்கேயிருந்து கிளம்பினார் என்று கேள். சென்னை பழைய வண்ணாரப்பேட்டை. அப்பா கோயில் அர்ச்சகர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டவர். 2004-ல் பள்ளியில் விளையாட்டுக்குப் பிள்ளைகளைச் சேர்த்தபோது ஒவ்வொன்றுக்கும் வகுப்புக்கு ஆறு பேர் என்று கணக்கு. இவருடைய முறை வந்தபோது மிச்சம் இருந்தது வாள்வீச்சு மட்டும்தான். சேபர் என்பது அவர் ஆடுகிற வாள் வகை; பெண்களுக்கான சேபர் பிரிவை ஒலிம்பிக்கில், ஏதென்ஸில், முதன்முதலாகச் சேர்த்ததும் அதே வருஷம்தான். இங்கே ஒரு பதினோரு வயதுப் பெண் வேறு இடமில்லாமல் வாளை எடுக்கிறாள், அங்கே அவளுக்கான கதவைத் திறக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்பாவின் வருமானம் எவ்வளவு, இது செலவு பிடிக்கிற விளையாட்டாயிற்றே என்று கேட்டார்களாம். கூட்டிச் சொல்லித்தான் சேர்ந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். வாள் ஒடிந்தால் வேறு வாங்க வழியில்லை என்பதால் பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் நிஜ வாள். செலவுக்காக அவர் அம்மா நகையை அடகு வைத்தார். நம் பக்கத்தில் நகையை அடகு வைக்காத வீடு எது, சொல். கல்யாணத்துக்கு வைக்கிறோம், ஆஸ்பத்திரிக்கு வைக்கிறோம், மச்சு வீடு கட்ட வைக்கிறோம். அந்த அம்மா மகளின் வாளுக்கு வைத்தார்.

உன்னை அப்படி வைக்கச் சொல்லவில்லை. பாப்பாவின் வாள்வீச்சு முகக்கவசத்துக்குப் போன வருஷம் என் தீபாவளி போனஸைக் கொடுத்தேன். இந்த வருஷமும் தருவேன். பாப்பா போக ஆசைப்படுகிற கேரளா விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடும் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு. வேலை வேலை என்கிறாயே, தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. பணத்தைப் பற்றி இதோடு விடுகிறேன். உன்னைத் தடுப்பது பணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முகத்தில் காயம் பட்டுவிட்டால் என்ற பயம் வேறு. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் விசாரித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். 1982-ல் ரோம் உலகப் போட்டியில் விளாடிமிர் ஸ்மிர்னோவ் என்ற சோவியத் வீரரின் முகக்கவசத்தை எதிராளியின் ஒடிந்த வாள் துளைத்து, சில நாளில் அவர் இறந்துபோனார். அவர் ஆடியது சேபர் இல்லை, ஃபாயில் என்ற இன்னொரு வகை வாள். அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். வாளின் எஃகு மாறியது, முகக்கவசத்துக்கும் உடைக்கும் சோதனை கடுமையானது. இன்று பெரிய போட்டிகளில் போடும் சட்டைத் துணி 800 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்று விதி. பாப்பாவின் கையில் இருக்கும் நீலத் தழும்புகளை நானும் பார்த்தேன். கபடி ஆடுகிற பிள்ளைகளுக்கு முட்டியில் இருப்பதைவிட அது அதிகம் இல்லை.

நம்ம சத்துவாச்சாரியில் ஆண் பிள்ளை இரும்பைத் தூக்கினால் யாராவது "எதுக்குப்பா" என்று கேட்கிறார்களா? சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018-ல் மறுபடியும் காமன்வெல்த் தங்கம். ஊரே கொண்டாடியது, நீ தெருவில் வெடி வெடித்தாய். அவர் அப்பாவும் பளு தூக்கியவர், அதனால் பையன் கையில் இரும்பைக் கொடுக்க அவருக்குப் பயம் வரவில்லை. நம் குடும்பத்தில் வாள் பிடித்தவர்கள் யாரும் இல்லை. பாப்பாதான் முதல். பயம் அங்கேயிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, பாப்பா தோற்ற விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மாநிலப் போட்டிக்கு நீயும் நானும்தானே போனோம். 15-க்கு 11 என்று தோற்றாள். கடைசிப் புள்ளி உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பேரும் பாய்ந்தார்கள், அடி பட்டதைக் காட்டும் விளக்கில் சிவப்பும் எரிந்தது, பச்சையும் எரிந்தது. நடுவர் அந்தப் பெண் பக்கம் கையைக் காட்டினார். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து "எங்க பொண்ணும்தானே அடிச்சா!" என்று கத்தினாய். அரங்கமே திரும்பிப் பார்த்தது. வேண்டாம் வேண்டாம் என்கிற அப்பா அப்படிக் கத்த மாட்டான் தம்பி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் உனக்கு விளக்கினாளே, அதை நான் மறக்கவில்லை. டிக்கெட்டைச் சுருட்டி ஒரு வாள், உன் சட்டைப்பையில் இருந்த பேனா ஒரு வாள். "ரெண்டு விளக்கும் எரிஞ்சா யார் முதல்ல தாக்க ஆரம்பிச்சாங்கன்னு பார்ப்பாங்கப்பா. அவதான் முதல்ல வந்தா. நான் பின்னாடி போய்த் தடுத்துட்டு அடிச்சிருக்கணும், அவசரப்பட்டு நானும் பாய்ஞ்சுட்டேன். நடுவர் சொன்னது சரிதான்." பதினைந்து வயதில், தோற்ற அன்றைக்கே, கண் சிவந்திருக்கும்போதே இப்படிச் சொன்னாள். நம் வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒருவர் "தப்பு என்மேல்தான்" என்று இத்தனை தெளிவாகச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

நீ தூங்கிய பிறகு என் காதில் இன்னொன்றும் சொன்னாள். "அத்தை, அப்பாகிட்ட சாரி சொல்லிடுங்க."

எனக்கு உடனே பவானி தேவிதான் நினைவுக்கு வந்தார். 2021 ஜூலை 26, டோக்கியோ ஒலிம்பிக். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என்று வென்றார். பஸ்ஸில் பாதிப் பெண்களுக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது, ஆனாலும் கைதட்டினோம். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேவிடம் 7-15. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். 1896-ல் தொடங்கிய ஒலிம்பிக்கில் அன்றிலிருந்து வாள்வீச்சு இருக்கிறது. 125 வருஷம் கழித்து இந்த நாட்டிலிருந்து முதன்முதலாக ஒரு ஆள் அங்கே போய் நின்று, ஒரு ஆட்டம் ஜெயித்தும் விட்டார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? எனக்கு அன்று முழுக்கத் தையல் ஓடவில்லை.

அவர் தோற்றது அது ஒன்றா? 14 வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டி, துருக்கியில். மூன்று நிமிஷம் தாமதமாக வந்ததற்குக் கறுப்பு அட்டை காட்டிவிட்டார்கள். கறுப்பு அட்டை என்றால் போட்டியை விட்டே வெளியே. அடகு வைத்து அனுப்பிய வீட்டுக்கு அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு திரும்பியிருக்கும்! அன்றைக்கு அவர் அம்மா வாளைப் பரணில் போடச் சொல்லவில்லை. பத்தாவது முடித்ததும் வீட்டை விட்டுத் தலச்சேரிக்கு, இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அதே பத்தாவது, தம்பி. அதே கேரளா. அங்கே சாகர் லாகு என்ற பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் உதவித்தொகை கிடைத்து, இத்தாலியில் லிவோர்னோவில் நிகோலா ஸனோட்டியிடம் பயிற்சி. 2017-ல் ஐஸ்லாந்தில் தங்கம், அடுத்த வருஷம் கான்பெராவில் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம். கறுப்பு அட்டைக்கும் அந்த ஐஸ்லாந்துத் தங்கத்துக்கும் நடுவே பத்து வருஷம் போயிருக்கிறது. பாப்பா வாள் எடுத்து நான்கு வருஷம்தான் ஆகிறது.

2019-ல் அவர் அப்பா காலமாகிவிட்டார். டோக்கியோவைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

2023-ல் சீனாவின் வூஷியில் நடந்த ஆசிய வாள்வீச்சுப் போட்டி உனக்குத் தெரிந்திருக்காது, நம் பேப்பரில் சின்னதாகத்தான் வந்தது. காலிறுதியில் ஜப்பானின் மிசாகி எமுரா. அப்போதைய உலக சாம்பியன். அவரைப் பவானி தேவி 15-10 என்று வென்றார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தான் பெண்ணிடம் 14-15. ஒரே ஒரு புள்ளி. ஆனால் அந்த வெண்கலம்தான் ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவரால் தகுதி பெற முடியவில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன். பாப்பா இவரைப் போல் ஆவாள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆக முடியுமா என்று பார்க்கிற வயதில் அவளை உட்கார வைக்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

அவள் முன்னேறவில்லை என்று நீ நினைக்கிறாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவளுடைய பழைய கையுறை என்னிடம் இருக்கிறது, இப்போது போடுகிற கையுறையையும் தைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபது வருஷமாகத் தோலோடு வாழ்கிறவள் நான். செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆள் எப்படி நடப்பார் என்று சொல்லிவிடுவேன். பழைய கையுறையில் உள்ளங்கை முழுக்க நைந்து, வியர்வை உப்பில் தோல் அட்டை மாதிரி விறைத்திருக்கிறது. பயத்தில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். புதியதில் உள்ளங்கை அப்படியே புதுசாக இருக்கிறது. கட்டைவிரல் நுனியும், ஆள்காட்டி விரலின் உள்பக்கமும் மட்டும் காகிதம் போல மெலிந்து, அங்கேதான் தையல் விட்டிருக்கிறது. பிடியைத் தளர்த்தி விரலால் வாளைத் திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டாள். இதை எந்த மார்க் ஷீட்டும் உனக்குக் காட்டாது.

உன் மொட்டை மாடியில் இருக்கும் இரண்டு சுண்ணாம்புக் கோடுகளை அளந்து பார்த்திருக்கிறாயா? சரியாக நான்கு மீட்டர். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேரும் நிற்கிற இடம். முழுக் களம் 14 மீட்டர், உன் மாடி அத்தனை நீளம் இல்லை. அதனால் நடுவில் இருக்கிற அந்த நான்கு மீட்டரை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டு, அக்னி நட்சத்திர வெயில் தாழ்ந்ததும், தண்ணீர் ஊற்றித் தரையை ஆற்றிவிட்டு ஆடுகிறாள். கோடு அழிய அழிய மறுபடி வரைகிறாள். தயவுசெய்து அதைக் கழுவிவிடாதே.

சென்னையிலிருந்து தலச்சேரிக்குப் போகிற மங்களூரு மெயில் ராத்திரி நம் காட்பாடியில் நின்றுதான் போகிறது. பவானி தேவி அந்த வயதில் வாள் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை காட்பாடியைத் தூக்கத்தில் கடந்திருப்பாரோ. பாப்பா ஏறப்போவதும் அந்தப் பாதையில் ஓடுகிற வண்டிதான். நீ லீவு போட முடியாவிட்டால் நான் கூடப் போய் விட்டுவிட்டு வருகிறேன். சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

விடுதிப் படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பா கையெழுத்து வேண்டுமாம், அத்தை கையெழுத்து செல்லாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். கையுறையின் இரண்டு விரலுக்கும் உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து இரட்டைத் தையல் போட்டு முடித்துவிட்டேன். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். படிவத்தை எடுத்து வை. அன்றைக்குக் குடிக்காமல் வந்த தண்ணீரைப் பாப்பா கையால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அன்புடன்,
உன் அக்கா