மனை விற்ற வரைபடங்களையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்னை வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் அரசு வரைபடங்களைத்தான் தேடிப் போகிறார்கள். மனை விற்பதற்காக அச்சடித்த விளம்பர வரைபடங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை.

1980களில் இந்த நீலகிரி மலையிலிருந்து வாத்தியார்களும் எஸ்டேட் குமாஸ்தாக்களும் மாதத் தவணை கட்டிச் சென்னையில் மனை வாங்கினார்கள். என் அப்பா வேளச்சேரிப் பக்கம் ஒன்று வாங்கினார், இடத்தைப் பார்க்காமல், ஒரு வரைபடத்தை நம்பி. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. மனைகளுக்கு ரோஸ் நிறம், பூங்காவுக்குப் பச்சை, கிழக்கே விரற்கடை தூரத்தில் நீலக் கடல். அளவுகோல் கிடையாது. கிண்டி ரயில் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருப்பதுபோல் போட்டிருக்கிறார்கள். அதே சர்வே எண்களைக் கிராம வரைபடத்தில் தேடினால், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கி ஒரு வாய்க்கால் போகிறது. விளம்பரத் தாளில் அந்த வாய்க்கால் 30 அடி ரோடு! 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ரோட்டில் படகு வந்துதான் ஆட்களை ஏற்றியது.

ஏரியில் மனை போடுவது அதற்கும் முந்தைய வழக்கம். 1920களில் தி.நகர் எழுந்ததே மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். எங்கள் ஊட்டி ரேஸ் கோர்ஸும் ஏரியிலிருந்து எடுத்த நிலம்தான்.

நிலத்தில் என்ன இருந்தது என்று அரசு வரைபடம் சொல்லும். வாங்கியவரிடம் எதை மறைத்தார்கள் என்பதற்கு விளம்பர வரைபடம்தான் சாட்சி. அது பத்திரக் கட்டோடு பீரோவில் கிடக்கிறது. வீடு கைமாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. எழும்பூர் ஆவணக் காப்பகம் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், உங்களைப் போன்ற பத்திரிகைகளின் பழைய விளம்பரப் பக்கங்களிலும் இவை இருக்கும். தயவுசெய்து அவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து வையுங்கள்.

இப்போது கோத்தகிரிப் பக்கம் காட்டேஜ் மனைக்குத் தரும் வண்ணத் தாள்களிலும் மேடு பள்ளம் காட்டும் சமஉயரக் கோடு ஒன்றுகூட இல்லை. செங்குத்துச் சரிவு மைதானம்போல் தெரிகிறது. 2009 நவம்பர் மழையிலும் மண்சரிவிலும் 40 பேருக்கு மேல் செத்த மாவட்டம் இது. இந்தத் தாள்களையும் இன்றிலிருந்தே சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற வரைவாளர்,
குன்னூர்